புகை போகும் வழி

கல்வராயன் மலை வீடுகளில் புகைபோக்கி என்றால், மண் அடுப்பின் பின்புறத்திலிருந்து எழும்பி, சுவரையோ கூரையையோ துளைத்துக்கொண்டு வெளியே போகும் மூன்று, நான்கு அங்குலக் குழாய்தான். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் காணும் செங்கல் புகைக்கூண்டு வேறு வகை. அது குளிர் காய்வதற்கான கணப்புக்கு உரியது. ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே அதில் புகை ஏறும். மலைக் கிராமத்து அடுப்போ வருடம் முழுவதும், நாளுக்கு இரண்டு மூன்று வேளை எரிகிறது. குழாய் சிறியதானாலும் அதில் படியும் கரி சிறியதல்ல. அதைச் சுத்தம் செய்வதற்கென்று மேலைநாடுகளில் இருப்பதுபோலத் தனித் தொழிலாளர்கள் இங்கே கிடையாது. வீட்டில் சமைப்பவரே செய்தால் உண்டு; இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காமலே போகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே சேலம், தருமபுரிப் பக்கம் வரை பரந்து கிடக்கிறது. வடபாகம் சின்னக் கல்வராயன், தென்பாகம் பெரிய கல்வராயன். உயரம் பொதுவாக 2000 முதல் 4000 அடி. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு போன்ற ஊர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியவை அவர்களுடைய பயிர்கள். கடுக்காய், புளி, தேன் ஆகியவை காடு தருபவை. ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் பனியும் மாறி மாறி இருக்கும். அந்த நாட்களில் அடுப்பு சமையலுக்கு மட்டுமல்ல, உடம்புக்குச் சூடு தரவும் ஈரத் துணி காயவும் வேண்டியதாகிறது. சமையல் முடிந்த பிறகும் தணலை அணைக்காமல் விட்டுவைப்பார்கள். புகைபோக்கியைப் பற்றிய பேச்சில் இந்தத் தணல் முக்கியமானது, பின்னால் வரும்.

பழைய வீடுகளில் புகைபோக்கி இல்லாததற்கு அறியாமை காரணமல்ல. மூங்கில் பிளாச்சில் மண் பூசிய சுவர், மேலே புல் வேய்ந்த கூரை, அடுப்புக்கு மேலே பரண் என்று அமைந்த வீட்டில் புகைக்கு வேலை இருந்தது. பரணில் கிடக்கும் தானியத்தையும், விட்டத்தில் தொங்கும் விதைக் கதிர்களையும் அது வண்டு அண்டாமல் காத்தது. மழைக்காலத்தில் கூரைப் புல்லை உள்ளிருந்து உலர்த்திச் செல் அரிப்பைத் தள்ளிப்போட்டது. புல்லின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறியது. காலையில் கூரை முழுவதும் ஆவி பறப்பதுபோலப் புகை கசிவதை இன்றும் சில ஊர்களில் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டின் விலையைக் கண்ணும் நுரையீரலும் கொடுத்தன என்பது உண்மை. ஆனால் புகையை வெளியேற்றும் எந்தத் திட்டமும், புகை செய்துவந்த வேலைகளுக்கு மாற்று என்ன என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

கூரை மாறியபோது நிலைமை கெட்டது. புல் போய் ஓடும், தகரமும், கான்கிரீட்டும் வந்தன. அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகளில் கசிவதற்கு இடுக்கு கிடையாது. புகை கான்கிரீட் தளத்தில் முட்டி, கீழே இறங்கி, சமைப்பவரின் தலைமட்டத்தில் தங்குகிறது. 1985இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் வீட்டுத் திட்டத்தின் விதிமுறைகள் வீட்டோடு புகையில்லா அடுப்பும் இருக்க வேண்டும் என்று சொல்லின. அடுப்பைக் கட்டச் சொன்னார்கள். அதன் குழாயை ஆறு மாதம் கழித்து யார் தட்டிக் கரி எடுப்பது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

புகையின் உள்ளே

நன்றாகக் காய்ந்த விறகு போதிய காற்றோடு முழுவதும் எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலும்தான். வீட்டு அடுப்பில் அப்படி நடப்பதில்லை. விறகு சூடேறும்போது முதலில் நீர் ஆவியாகிறது. பிறகு மரத்தின் சத்து வாயுக்களாகப் பிரிந்து வெளிவருகிறது. நாம் காணும் தழல், இந்த வாயுக்கள் எரிவதுதான். காற்று போதாமலோ, அடுப்பின் சூடு போதாமலோ அவை எரியாமல் தப்பினால் புகையாகின்றன. அதில் கார்பன் மோனாக்சைடு, தார் ஆவி, பென்சீன் போன்ற சேர்மங்கள், நுண்ணிய கரித்துகள் எல்லாம் உண்டு. துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கின் முடியும் தொண்டையின் சளியும் அவற்றைப் பிடிப்பதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி வரை நேரே போய்ச் சேர்கின்றன.

ஈரம்தான் முதல் எதிரி. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 18 மெகாஜூல் வெப்பம் தரும். பாதி நீராக இருக்கும் ஒரு கிலோ பச்சை விறகில் எரியக்கூடிய மரம் அரைக் கிலோதான். அது தரும் 9 மெகாஜூலில் ஏழில் ஒரு பங்கு, உடனிருக்கும் அரைக் கிலோ நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய நட்டம், அடுப்பின் சூடு இறங்கி வாயுக்கள் எரியாமல் நழுவுவது. ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்த விறகுதான் அடுப்புக்கு ஏற்றது. பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் ஒரு கோடைக்குள் அந்த நிலை வந்துவிடும். கல்வராயனில் மாசி முதல் வைகாசி வரை கிடைக்கும் வெயில் இதற்குப் போதும். மரவள்ளிக் குச்சியும் மிலாறும் இன்னும் சீக்கிரம் காயும். ஆனால் சடுதியில் எரிந்து தீர்ந்துவிடுவதால் யாராவது அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

குழாய் எப்படி இழுக்கிறது

புகைபோக்கிக்கு விசிறியோ மோட்டாரோ கிடையாது. சூடான காற்று இலேசானது, குளிர்ந்த காற்று கனமானது என்ற ஒரே வேறுபாட்டில் அது இயங்குகிறது. கடல்மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் வெளிக்காற்றின் ஒரு கன மீட்டர் எடை சுமார் 1.2 கிலோ. 150 டிகிரியில் இருக்கும் அடுப்புப் புகையின் எடை சுமார் 0.83 கிலோ. குழாய் மூன்று மீட்டர் உயரம் என்றால் இந்த வேறுபாட்டால் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 11 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால் அதிலும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

இவ்வளவு சிறிய விசையில் ஒரு வீட்டின் புகை முழுவதும் ஏறுகிறது என்பதை மனத்தில் வைத்தால், புகைபோக்கி ஏன் எதற்கெடுத்தாலும் மக்கர் செய்கிறது என்பது விளங்கும். செங்கோணத்தில் ஒரு முழங்கை வளைவு, வாயில் ஒரு குளவிக்கூடு, மூட்டில் ஒரு விரிசல் என்று எதுவும் அந்த மில்லிமீட்டரைத் தின்றுவிடும். விரிசல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்தால் புகை ஆறி, கனத்து, இழுவை செத்துப்போகும். கதவும் சன்னலும் இறுக மூடிய அறையிலும் குழாய் இழுக்காது. மேலே போகும் காற்றுக்கு ஈடாகக் கீழே காற்று வந்தாக வேண்டும். மார்கழிக் குளிரில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு அடுப்பு மூட்டும் வீடுகளில் புகை திரும்பி உள்ளே அடிப்பது இதனால்தான். கதவடியில் நாலு விரல் இடைவெளி இருந்தால் போதும்.

குழாயின் உச்சி எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். காற்று கூரையின் ஒரு சரிவில் மோதி மறுசரிவில் சுழன்று இறங்குகிறது. அந்தச் சுழலுக்குள் குழாய்வாய் மாட்டினால் காற்று புகையைக் கீழே அழுத்தும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்று அடியாவது மேலே போக வேண்டும், பத்தடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டடக்காரர்கள் பின்பற்றும் கணக்கு. மலைச்சரிவில் கட்டிய வீட்டுக்கு இதுவும் சில சமயம் பற்றாது. மேட்டுப் பக்கத்து மரமும் பாறையும் கூரைக்கு மேலே நிற்கும்; அங்கிருந்து இறங்கும் காற்றுக்கு எதிராகக் குழாயை இன்னும் உயர்த்தவோ, உச்சியில் தொப்பி வைக்கவோ வேண்டிவரும். தொப்பி மழைநீரையும் தடுக்கும். அதற்கும் குழாய்வாய்க்கும் இடையே குழாயின் விட்டத்தளவு இடைவெளி விடாமல் ஒட்டி வைத்தால் தொப்பியே அடைப்பாகிவிடும்.

புல்கூரை வீட்டில் குழாயைக் கூரை வழியே விடுவதைத் தவிர்ப்பதே நல்லது. பக்கச் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, கூரை விளிம்பிலிருந்து தள்ளி நிமிர்த்த வேண்டும். கூரை வழியாகத்தான் விட வேண்டும் என்றால் குழாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லை அகற்றி, அந்த இடத்தில் தகரம் பொருத்த வேண்டும்.

கரியும் தாரும்

குழாயின் உள்சுவரில் படிவது ஒரே பொருள் அல்ல. அடுப்பு நன்றாக எரியும்போது படிவது உலர்ந்த, மிருதுவான கரி. விரலால் தொட்டால் பொடியாக உதிரும். எரிமானம் குறைந்து புகை ஆறினால் கதை மாறுகிறது. புகையின் வெப்பம் 120 டிகிரி அளவுக்குக் கீழே இறங்கும்போது அதிலுள்ள நீராவியும் தார் ஆவியும் குளிர்ந்து சுவரில் ஒட்டுகின்றன. முதலில் பழுப்பு நிறக் கசிவாக இருக்கும். பிறகு செதில் செதிலாகக் காயும். மேலும் மேலும் சூடு பட்டால் கறுத்து, மினுமினுத்து, கண்ணாடிபோல் இறுகிவிடும். கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவு, இறுகிய நிலையில் எந்தத் தூரிகைக்கும் மசியாது. முன்னே சொன்ன தணல் இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. இரவு முழுவதும் ஈரக் கட்டை ஒன்று அடுப்பில் கனன்றுகொண்டிருந்தால், பகல் சமையல் முழுவதிலும் படியாத தார் அந்த ஓர் இரவில் படிந்துவிடக்கூடும். மழைக்காலம் முடிந்ததும் குழாயைப் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

படிவு குழாயை எவ்வளவு நெரிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கரி படிந்தால் உள்விட்டம் எட்டாகிறது. பரப்பில் நூற்றுக்கு 36 பங்கு போய்விட்டது. இரண்டு சென்டிமீட்டர் படிந்தால் மிஞ்சுவது நூற்றுக்கு 36 பங்குதான். மூன்றங்குலக் குழாயில் இந்த நெரிப்பு இன்னும் வேகமாக வரும். படிவு சீராகவும் இருப்பதில்லை. வளைவிலும், குழாய் கூரையைத் தாண்டி வெளிக்குளிரைத் தொடும் மேல்பகுதியிலும், தொப்பியின் அடியிலும் அது கூடுதலாகச் சேரும். கீழிருந்து பார்த்துக் குழாய் சுத்தம் என்று நினைக்கும் வீட்டில் உச்சி முக்கால்வாசி அடைந்திருக்கலாம்.

கட்டிய அடுப்புகள், கைவிட்ட அடுப்புகள்

புகைபோக்கி வைத்த மண் அடுப்பை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவரும் முயற்சிக்கு முக்கால் நூற்றாண்டு வயது. வார்தாவில் மகன்வாடி கிராமத் தொழில் மையத்தில் உருவானது மகன் அடுப்பு. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு வடிவமைத்த அடுப்பு அடுத்து வந்தது. அதை விளக்கி அவர் எழுதிய சிறு நூல் 1953இல் சென்னையில் வெளியானது. அதிலிருந்த அடிப்படை யோசனை இன்றும் மாறவில்லை: ஒரே தீவாய், அதிலிருந்து அடுத்தடுத்த பானைகளுக்கு அடியில் ஓடும் புகைவழி, முடிவில் குழாய். நம் கொடியடுப்பைத் தெரிந்தவருக்கு இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள யாருடைய உதவியும் வேண்டாம். கொடியடுப்பின் முடிவில் ஒரு குழாயைச் சேர்த்தால் அதுதான்.

1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது நிறுத்தப்படும்வரை சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. இலக்கு என்பது கட்டிய அடுப்புகளின் எண்ணிக்கையாக இருந்தது. குழாய் அடைத்ததும் அடுப்பு புகைந்தது. புகைந்ததும் வீட்டார் அதை இடித்துவிட்டுப் பழைய மூன்று கல்லுக்குத் திரும்பினார்கள். எந்தப் பெண்ணும் புகையை விரும்பி அப்படிச் செய்யவில்லை. அடைபட்ட குழாயுள்ள அடுப்பு, குழாயே இல்லாத அடுப்பைவிட மோசமாக எரியும் என்பதுதான் காரணம்.

இதை அளந்து காட்டியது ஒடிசாவில் நடந்த ஆய்வு. ரீமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும், கிராம விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் குழாயோடு கட்டித் தந்த மண் அடுப்புகளை 2,600 வீடுகள் அளவில் நான்கு ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் உள்ளிழுத்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பழுது பார்ப்பதும் நின்றுபோனதே காரணம் என்று கண்டார்கள். இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது குவாத்தமாலாவின் மலைப்பகுதி. அங்கே கிர்க் ஸ்மித் தலைமையில் 2002 முதல் 2004 வரை நடந்த ஆய்வில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளில் பாதிக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுக்கப்பட்டது. களப்பணியாளர்கள் வாரந்தோறும் வீடுகளுக்குப் போனார்கள். அடுப்பு பழுதானால் சரிசெய்யப்பட்டது. குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியாவும் குறைந்தது. இரண்டு இடங்களிலும் பௌதிகம் ஒன்றே. பராமரிப்புதான் வேறு. கல்வராயன் போன்ற ஓரிடத்தில் அடுப்புத் திட்டம் ஒன்றை மறுபடி தொடங்குவதானால், கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சுத்தம் செய்யும் கைகளுக்குத் தனியே ஒதுக்குவதுதான் நியாயம்.

கரி எடுக்கும் முறை

சுத்தம் செய்ய வேண்டிய காலத்தை அடுப்பே சொல்லும். தீ மூட்டும்போது அடுப்பு வாய்க்குப் புகை திரும்பி வருவது, ஊதுகுழல் அடிக்கடி தேவைப்படுவது, குழாய் மூட்டுகளில் பழுப்புக் கசிவு தெரிவது, மழைநாளில் அடுப்படியில் தார் வாடை அடிப்பது ஆகியவை அறிகுறிகள். அதுவரை காத்திராமல் மூன்று மில்லிமீட்டர் படிவு சேர்ந்ததுமே எடுத்துவிட வேண்டும் என்பது மேலைநாட்டுப் புகைக்கூண்டுத் தொழிலில் உள்ள விதி. தினமும் விறகு எரியும் வீட்டில் பானைகளுக்கு அடியில் ஓடும் புகைவழியை வாரம் ஒருமுறையும், குழாயை மாதம் ஒருமுறையும் பார்ப்பது நடைமுறைக்கு ஏற்ற கணக்கு.

அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும்; முதல் நாள் இரவே தணலை அள்ளிவிட்டால் காலையில் வேலை செய்யலாம். அடுப்படியில் உள்ள பாத்திரங்களையும் தண்ணீர்க் குடத்தையும் வெளியே எடுத்துவிட்டு, அடுப்பு வாயையும் பானைக் குழிகளையும் ஈரச் சாக்கால் மூட வேண்டும். இல்லாவிட்டால் குழாயிலிருந்து விழும் கரி அறை முழுவதும் பறக்கும். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம்.

நேர்க்குழாய்க்கு ஏற்ற கருவியை வீட்டிலேயே செய்யலாம். தேங்காய் நாரை உருட்டி, குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரிதாகக் கயிற்றில் இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்கு ஒரு முழம் கீழே, கயிற்றின் நுனியில், முட்டையளவு கல் ஒன்று. தொப்பியைக் கழற்றிவிட்டு உச்சியிலிருந்து கல்லை இறக்கினால் அதன் எடையில் நார் உருண்டை சுவரை உரசிக்கொண்டே இறங்கும். மேலே இழுக்க வேண்டும், மறுபடி விட வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை. முதலில் மொரமொரவென்று செதில் உதிரும் ஓசை கேட்கும். பிறகு நார் வழுக்கிக்கொண்டு போகும் ஓசை மட்டும் வந்தால் குழாய் சுத்தமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் புகைக்கூண்டு துடைப்பவர்கள் பயன்படுத்திய இரும்புக் குண்டும் தூரிகையும் கயிறும் இதே ஏற்பாடுதான். கூரைமேல் ஏறுவது ஆபத்தான இடங்களில் கீழிருந்து மூங்கில் கழியின் நுனியில் நாரைக் கட்டி மேலே தள்ளலாம். ஈரமான தகரக் கூரையிலும் பழைய ஓட்டுக் கூரையிலும் ஏறவே கூடாது.

வளைவில்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். உதிர்ந்த கரி முழுவதும் குழாயின் அடியில், அடுப்பிலிருந்து புகை திரும்பி மேலேறும் அந்த முழங்கையில் போய்க் குவியும். அதை எடுக்காமல் விட்டால் சுத்தம் செய்ததே அடைப்பாக முடியும். அடுப்பு கட்டும்போதே குழாயின் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாய் விட்டு, அதை ஒரு செங்கல்லால் அடைத்து மண் பூசி வைப்பது இதற்காகத்தான். மண்ணைத் தட்டி, செங்கல்லை உருவி, கரியைக் கரண்டியால் அள்ளிவிட்டு, மறுபடி செங்கல்லை வைத்துச் செம்மண்ணும் சாணமும் கலந்து பூச வேண்டும். சுற்றிலும் உள்ள வெடிப்புகளையும் அதே கையோடு பூசிவிடலாம். அடுப்பு மெழுகும் வழக்கம் உள்ள வீட்டுக்கு இது புதிய வேலை அல்ல. வேலை முடிந்ததும் அடுப்பு வாய்க்கருகே ஒரு காய்ந்த ஓலையைக் கொளுத்திப் பார்த்தால் தீ நாக்கு உள்பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் வேறெங்கோ அடைப்பு இருக்கிறது, அல்லது குழாய் இன்னும் சூடேறவில்லை.

கண்ணாடிபோல் இறுகிய தாருக்கு நாரும் கழியும் உதவாது. அந்தப் பகுதிக் குழாயைக் கழற்றி மாற்றுவதே வழி. சுட்ட மண் குழாய் மலிவு, துருப்பிடிக்காது, ஆனால் திடீர்ச் சூட்டில் வெடிக்கும். தகரக் குழாய் எளிதில் கிடைக்கும்; தாரிலுள்ள அமிலமும் மலை ஈரமும் சேர்ந்து அதைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும். அரசுத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட கல்நார் சிமெண்ட் குழாய்கள் இன்னும் பல இடங்களில் உண்டு. அவற்றை உலர்ந்த நிலையில் அறுக்கவோ சுரண்டவோ உடைக்கவோ கூடாது. கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் உண்டாக்கும்.

நெருப்பும் நஞ்சும்

குழாயில் படிந்த தார் எரிபொருள். ஒரு நாள் அடுப்பில் தழல் உயரும்போது அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியை எட்டும். உறுமுவது போன்ற ஓசையும் உச்சியில் தீப்பொறியும் அடையாளம். அப்போது குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடேறிய மண் குழாய் தெறித்துவிடும். வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றிவிட்டு, அடுப்பு வாயையும் பானைக் குழிகளையும் ஈரச் சாக்காலோ மண்ணாலோ அடைத்துக் காற்றை நிறுத்த வேண்டும். கூரை புல் என்றால் தண்ணீரைக் கூரைமேல் ஊற்ற வேண்டும். தீ அடங்கிய பிறகு அந்தக் குழாயை மறுபடி பயன்படுத்துவதற்குமுன் ஒவ்வொரு மூட்டையும் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. நிறமோ வாடையோ இல்லை. குழாய் அடைந்திருக்கும் அடுப்பில் தணலை விட்டுவிட்டு, அதே அறையில் கதவை அடைத்துத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. தணலில் புகை வராததால் அதைத் தீங்கற்றது என்று நினைக்கிறார்கள். புகையே இல்லாத கங்குதான் இந்த வாயுவை ஏராளமாகக் கொடுக்கிறது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும்.

எடுத்த கரியையும் அலட்சியமாகக் கையாளக் கூடாது. 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவால் பாட், புகைக்கூண்டு துடைப்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலோடு புற்றுநோயைச் சேர்த்துக் காட்டிய முதல் பதிவு அது. அந்த வேலையில் நான்கைந்து வயதுச் சிறுவர்களையும் குழாய்க்குள் ஏற்றினார்கள். அந்தக் கொடுமையை இங்கிலாந்தில் சட்டம் முழுமையாக முடிவுக்குக் கொண்டுவர 1875 வரை ஆயிற்று. கல்வராயன் வீட்டிலும் இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. புகைக்கரியால் பல் துலக்குவதும் வேண்டாம். அடுப்புக் கரித்துண்டும் குழாய்க் கரியும் ஒரே பொருள் அல்ல. சாம்பலைப் பாத்திரம் துலக்கவும் அவரைச் செடிக்குத் தூவவும் வைத்துக்கொள்ளலாம். குழாய்க் கரியைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும்.

எரிவாயு வந்த பிறகு

தமிழ்நாடு அரசு இலவச எரிவாயு அடுப்புகளை 2007 முதல் வழங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாளில் தொடங்கியது. புகையைப் பொறுத்தவரை எரிவாயு விறகைவிட மேல் என்பதற்குக் கள்ளக்குறிச்சியே சான்று. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில் இந்தியக் களங்களாக இருந்தவை கள்ளக்குறிச்சிப் பகுதியும் நாகப்பட்டினமும். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு அதை இங்கே நடத்தியது. பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் தொடர்ந்து சிலிண்டரும் இலவசமாகக் கிடைத்தன. நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 71 மைக்ரோகிராம், எரிவாயுவுக்கு மாறியவர்களுக்குச் சுமார் 24. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் எதிர்பார்த்த வேறுபாடு தெரியவில்லை என்று 2022இல் வெளியான முடிவு சொன்னது. புகைக்கும் உடலுக்கும் உள்ள கணக்கு அவ்வளவு எளிதல்ல என்பதை அது காட்டுகிறது. புகையைச் சுவாசிக்கலாம் என்பதை அல்ல.

புகைபோக்கி புகையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குளிர்காலக் காலையில் பள்ளத்தாக்கின் அடியில் குளிர்ந்த காற்று தேங்கி, மேலே சற்று வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். அந்த நேரத்தில் ஓர் ஊரின் எல்லாக் குழாய்களும் விட்ட புகை ஊருக்குள்ளேயே சுற்றும். காய்ந்த விறகும் நன்கு எரியும் அடுப்பும் இல்லாமல் குழாய் மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டுக்குப் புகையை அனுப்பிய கதைதான்.

ஆனாலும் எரிவாயு வந்த வீடுகளில் விறகடுப்பு அணைந்துவிடவில்லை. தேநீரும் அவசரச் சமையலும் சிலிண்டரில். வெந்நீரும், மாட்டுக்குக் கஞ்சியும், கூட்டமாய் ஆட்கள் வரும் நாளின் சோறும் விறகில். மலைப்பாதையில் சிலிண்டர் வந்து சேரும் செலவும், காசில்லாமல் கிடைக்கும் சுள்ளியும் இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே இருக்கும். இப்படி எப்போதாவது எரியும் அடுப்பின் குழாய்க்குத் தினமும் எரிவதைவிடக் கூடுதல் கவனம் தேவை. வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் குளவியும் குருவியும் கூடு வைக்கும், மழைநீர் இறங்கி அடிக்கரியைச் சேறாக்கும். மூட்டுமுன் ஒருமுறை கல்லும் கயிறும் இறக்கிப் பார்த்துவிட வேண்டும். விறகடுப்பை அடியோடு விட்டுவிட்ட வீட்டில் குழாயைக் கழற்றி, கூரையிலும் சுவரிலும் உள்ள துளையை அடைக்க வேண்டும். கல்நார் குழாய் என்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, உடையாமல் முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, குழந்தைகள் விளையாடாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும்.